கல்லாவில் ஒரு மருந்தாளுநர், மாடியில் ஒரு மருந்தாளுநர்: ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தின் மதிப்பீடு

மதுரையிலுள்ள ஒரு பெரிய தனியார் பல்துறை மருத்துவமனையின் மருந்தகச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடப்போவதில்லை, நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த கோடையில் என் தம்பி, நீரிழிவால் வந்த காற்புண் தொற்றுடனும் சற்றுப் பழுதுபட்ட சிறுநீரகங்களுடனும் அங்கே சேர்க்கப்பட்டபோது, உடனிருந்து கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. நோயாளியின் அண்ணன் என்ற முறையில் வரிசையில் நின்றேன் என்றாலும், கண் என்னவோ பழைய தொழில்காரனின் கண்ணாகவே இருந்தது.

முதலில் இடவசதி. தரைத்தளத்தில் புறநோயாளிகளுக்கு ஒரு முகப்பும், உள்நோயாளிகளுக்குப் பின்பக்கமாகத் தனி முகப்பும் உண்டு. டோக்கன் முறை ஒழுங்காக நடக்கிறது, நாற்காலிகள் போதுமான அளவு இருக்கின்றன, பணமில்லாப் பரிமாற்றம் தடையின்றி நடக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இருப்பும் பாதுகாப்பும் பாராட்டுக்குரியவை. நள்ளிரவில் எழுதப்பட்ட மருந்து ஒன்றுகூட ‘காலையில் வரும்’ என்ற பதிலோடு நின்றதில்லை. இன்சுலினும் தடுப்பூசிகளும் இருக்கும் குளிர்பெட்டியின் கதவில் வெப்பமானி வெளியே தெரியும்படி பொருத்தப்பட்டிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய அளவை ஒவ்வொரு ஷிப்டிலும் குறித்துக் கையெழுத்திட்ட தாள் பக்கத்திலேயே தொங்கியது. தாளில் எல்லா எண்ணும் ஒரே மாதிரி இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அப்படி இல்லை, பகலில் சற்று ஏறியும் இரவில் இறங்கியும், உண்மையாகப் பார்த்து எழுதிய எண்களாகவே இருந்தன. புறநோயாளி முகப்பில் இன்சுலின் வாங்குபவர்களுக்குக் குளிர்ப்பையோடு கொடுக்கிறார்கள். உறைநிலைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் பயன்படாது என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறார்கள். திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாள் வரை 30 டிகிரிக்குக் கீழே வைத்துப் பயன்படுத்தலாம் என்பதையும், சித்திரை வெயிலில் மதுரை வீட்டின் கூடம் அந்த 30 டிகிரிக்குள் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

சட்டத்தைப் பின்பற்றுவதிலும் குறை காணவில்லை. முதியவர் ஒருவர் பழைய சீட்டைக் காட்டித் தூக்கத்துக்கான அல்பிரசோலம் கேட்டுச் சத்தம் போட்டபோது, முகப்பிலிருந்த இளைஞர் பொறுமையாக மறுத்துவிட்டார். அந்த மருந்து, கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் வருவது. 2014 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி, எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். ‘தெரிந்தவர்’ என்பதற்காக இந்தப் பதிவேட்டைத் தாண்டிப்போகும் கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இங்கே அது நடக்கவில்லை.

இனி உள்நோயாளி முகப்புக்கு வருவோம். ஒரு மருத்துவமனை மருந்தகத்தின் தரம் தெரிவது அங்கேதான். காலையில் மருத்துவர் சுற்றுக்கு வந்து நோயாளியின் மருந்து அட்டையில் எழுதுகிறார். செவிலியர் அதைப் பார்த்துக் கணினியில் இண்டென்ட் (மருந்துக் கோரிக்கை) போடுகிறார். அது கீழே மருந்தகத்தின் திரையில் வருகிறது. உதவியாளர் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்க, மருந்தாளுநர் பார்கோடு காட்டி பில் போட, வார்டு ஊழியர் கூடையில் எடுத்துக்கொண்டு மேலே போகிறார். அவசரம் என்று குறிக்கப்பட்டவை விரைவாக வந்துவிடுகின்றன. மற்றவை காலைச் சுற்று முடிந்த நெரிசலில் தேங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் வந்து சேர்கின்றன. மாற்றி எழுதப்பட்ட கிருமிக்கொல்லியின் முதல் தவணைக்கு ‘அவசரம்’ என்று குறிக்க வேண்டும் என்ற பழக்கம் வார்டில் எல்லாருக்கும் இல்லை. கணினி தானாகவும் அதைக் கேட்பதில்லை. தீவிரத் தொற்று உள்ளவருக்கு முதல் தவணை தாமதமாவது சிறிய விஷயமல்ல.

தாமதத்தைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. இந்த ஏற்பாட்டில் கீழேயிருக்கும் மருந்தாளுநர் மருத்துவர் எழுதியதைப் பார்ப்பதே இல்லை; செவிலியர் தட்டச்சு செய்ததை மட்டும் பார்க்கிறார். நோயாளியின் எடை, வயது, சிறுநீரகச் சோதனை முடிவு, ஒவ்வாமை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள் எதுவும் அவருடைய திரையில் இல்லை. மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் அறை எண்ணும்தான் உள்ளன. அவரால் சரிபார்க்க முடிந்ததெல்லாம் கேட்ட பொருளும் எடுத்த பொருளும் ஒன்றா என்பது மட்டுமே. அதற்கு பார்கோடு போதும். இரண்டு ஆண்டு பட்டயப் படிப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் பதிவுச் சான்றிதழும் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருப்பது, எழுதப்பட்ட சீட்டைப் படித்துக் கேள்வி கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக. சீட்டையே அவருடைய கண்ணில் காட்டாத ஏற்பாடு அவரைக் கல்லாவில் நிறுத்திவிடுகிறது.

இதன் விளைவை இன்சுலின் விஷயத்தில் நேரில் கண்டேன். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கிறது: மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள குப்பிகள் ஒருபுறம், மில்லிலிட்டருக்கு 100 அலகு உள்ள பேனாக்களும் குப்பிகளும் இன்னொருபுறம். ஊசிக்குழல்களும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி நாற்பதுக்கு, ஆரஞ்சு மூடி நூறுக்கு. தம்பிக்கு இரவு நேரத்துக்கென எழுதப்பட்ட கிளார்ஜின் என்ற இன்சுலின், 100 அலகுச் செறிவுள்ள குப்பியாக வந்தது. இண்டென்டில் ‘இன்சுலின் சிரிஞ்சு’ என்று மட்டும் இருந்ததால் கூடவே வந்தவை சிவப்பு மூடிக் குழல்கள். அந்தக் குழலில் பத்தாவது கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லிலிட்டர். நூறு செறிவில் அது 25 அலகு. பத்து அலகு போட வேண்டிய நோயாளிக்கு இரவில் 25 அலகு போனால், விடியற்காலையில் சர்க்கரை எந்த அளவுக்கு இறங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வார்டுச் செவிலியர் அனுபவசாலி. மூடியின் நிறத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் தவறு பிடிபட வேண்டிய இடம் மருந்தகம்; பிடிபட்டது படுக்கையருகே. குப்பியை பில் போடும்போதே அதற்குப் பொருந்தாத குழலைக் கணினி மறுக்கும்படி செய்வது அரை நாள் வேலை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபத்து மிகுந்த மருந்துகளைக் கையாளுவதில் இதே மருந்தகம் பல இடங்களில் கவனமாக இருக்கிறது. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு 15 விழுக்காட்டு ஆம்பூல்கள் பொது வார்டுகளில் வைக்கப்படுவதே இல்லை. பத்து மில்லிலிட்டருக்குள் 20 மில்லிமோல் அடங்கிய அந்த ஆம்பூலை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்ப்பதற்கோ ஊசி கலக்கும் வெறும் தண்ணீர் ஆம்பூல் போலவே இருக்கும். பெயர் ஒத்த, ஆனால் வெவ்வேறு மருந்துகளான டோபமினும் டோபுட்டமினும் எதிரெதிர் அலமாரிகளில், சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டு இருந்தன. அகர வரிசை என்ற பெயரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் வழக்கத்தை நான் வேலை பார்த்த காலத்தில் ஒழிக்க எவ்வளவு வாதாட வேண்டியிருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

மருந்தகத்தின் மிகச் சிறந்த பகுதி தரைத்தளத்தில் இல்லை, மூன்றாம் மாடியில் இருக்கிறது. மருந்தியலில் பார்ம்.டி. பட்டம் படித்த இளம்பெண் ஒருவர் மருத்துவச் சுற்றிலேயே கூட வருகிறார். இந்த ஆறாண்டுப் படிப்பு நம் நாட்டில் 2008இல்தான் தொடங்கியது. எங்கள் தலைமுறைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தம்பிக்குப் புண்ணிலிருந்து எடுத்த சோதனையின் முடிவு வந்தபின் மெரோபெனம் என்ற கிருமிக்கொல்லி ஒரு கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதப்பட்டது. அது வழக்கமான அளவு. அந்தப் பெண் வயது 64, எடை 62 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் செயலைக் காட்டும் இரத்தச் சோதனை அளவு) 2.0 என்ற மூன்று எண்களையும் கொண்டு கணக்குப் போட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது என்று கண்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்று மருத்துவரிடம் தெரிவித்தார். மருத்துவர் முகம் சுளிக்காமல் மாற்றி எழுதினார். அந்த மருந்து உடலில் தேங்கினால் வலிப்பு வரக்கூடும் என்பதையும், காயம் ஆறும் வேகத்தைப் பார்த்து அளவை மீண்டும் பரிசீலிப்பார்கள் என்பதையும் தம்பியின் மனைவியிடம் எளிய தமிழில் எடுத்துச் சொன்னார். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள், தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார்.

நான் யார் என்று சொன்னபிறகு, “சார், கீழே இருக்கிறவங்களுக்கும் இந்த லேப் ரிசல்ட் தெரிஞ்சா பாதி போன் எனக்கு மிச்சம்” என்றார். மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவர் பார்க்கும் மாடிகள் சிலவே. மாலையில் அவர் வீட்டுக்குப் போனபின், ஞாயிற்றுக்கிழமைகளில், மற்ற மாடிகளில், அந்தக் கணக்கைப் போட யாரும் இல்லை. ஒரே மருத்துவமனையில் ஒரு மருந்தாளுநர் மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்கிறார், இன்னொருவர் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். நோயாளிக்கு எவர் வாய்க்கிறார் என்பது படுக்கை எண்ணைப் பொறுத்தது.

விலை விஷயத்தில் மனம் நிறையவில்லை; ஆனால் ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். எல்லாம் அச்சிட்ட அதிகபட்ச விலையில்தான் பில் ஆகின்றன, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெரோபெனம், கிளார்ஜின் போன்றவை 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றுக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு; தொடக்க விலை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. கையுறை, ஐ.வி. செட், கேனுலா, கட்டுத்துணி ஆகியவற்றில்தான் பில் வீங்குகிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருள்களில் இலாபம் 1,737 விழுக்காடு வரை போயிருப்பதாக வெளியிட்டது. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்காகவே விலையைக் கூட்டி அச்சிடும் போக்கையும் அது சுட்டிக்காட்டியது. எனவே ‘எம்.ஆர்.பி.க்குத்தானே கொடுக்கிறோம்’ என்ற பதில் முழுப் பதில் ஆகாது. இந்த மருத்துவமனையின் கொள்முதல் விலை எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் ஒரே தரமுள்ள கையுறைகளில் விலை கூடியதை மட்டுமே இருப்பில் வைத்திருப்பதை எவரும் கவனிக்க முடியும்.

வெளியிலிருந்து மருந்து வாங்கி வர அனுமதியில்லை என்று சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்குகிறார்கள். மருத்துவமனைகள் தம் மருந்தகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், தானே கட்டளை பிறப்பிக்காமல், மாநில அரசுகள் உரிய கொள்கை முடிவு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. என் கருத்து இரண்டாகப் பிரிகிறது. நரம்பில் செலுத்தும் மருந்துகளையும் குளிரில் காக்க வேண்டியவற்றையும் வெளியிலிருந்து ஏற்க மறுப்பதில் தொழில்முறை நியாயம் உண்டு. எந்த வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாத குப்பிக்கு எந்த மருந்தாளுநரும் பொறுப்பேற்க மாட்டார். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பருக்கும், ஈரத்துடைப்பானுக்கும், மூடி முத்திரை உடையாத சத்துமாவுக்கும் அதே நியாயத்தைச் சொல்வது வியாபாரம். இதைக் கேட்டபோது முகப்பில் பதில் வரவில்லை. வார்டு மேற்பார்வையாளர் மட்டும் டயப்பருக்குக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

பயன்படுத்தாத மருந்துகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நல்ல செய்தி. எப்போது எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கெட்ட செய்தி. நாள்தோறும் மீதியைக் கணக்குப் பார்த்து வரவு வைக்காமல், வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்குகிறார்கள். மெரோபெனம் மூன்று வேளையிலிருந்து இரண்டாகக் குறைந்தபின்னும் பழைய எண்ணிக்கையில் வந்த குப்பிகள் அதுவரை வார்டு இழுப்பறையிலேயே கிடந்தன. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்தகம் எண்ணி முடித்து, பில் பிரிவு கழித்து, காப்பீட்டுக்காரர் ஒப்புதல் கொடுத்து வெளியே வருவதற்குள் பகல் போய்விட்டது. தாமதத்துக்குக் காப்பீட்டைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அதில் பாதி மருந்தகத்தின் பங்கு.

வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துகளைக் கொடுத்த விதம் எல்லாவற்றிலும் மோசம். ஒன்பது மருந்துகளை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, மாத்திரை அட்டைகளின் முதுகில் பேனாவால் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இரண்டு மருந்துகளுக்கு மட்டும் சொன்னார்கள். இரண்டு அட்டைகள் எண்ணிக்கைக்காக வெட்டப்பட்டிருந்தன. தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதித் தேதியும் கடையில் தங்கிவிட்ட துண்டோடு போய்விட்டன. நாளைக்கு அந்தத் தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், கையில் இருப்பது அதுவா என்று அறிய பில்லைத் தேட வேண்டும். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று இந்திய மருந்தியல் மன்றத்தின் 2015ஆம் ஆண்டு நடைமுறை ஒழுங்குமுறைகளே கூறுகின்றன. பக்கத்து முகப்பில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்ததையும் பார்த்தேன். வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய, தவறி நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்தான மாத்திரை அது. அதைக் கொடுத்தவர் வாரத்தில் எந்தக் கிழமை என்று கேட்டு, அட்டையில் ‘புதன் மட்டும்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆக, தெரியாததால் அல்ல. உள்நோயாளி முகப்பில் ஒருவரே பில் போட்டு, ரிட்டர்ன் எண்ணி, தொலைபேசியும் எடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த நிலைமை. இரவு ஷிப்டில் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்தான், மற்றவர்கள் உதவியாளர்கள்.

அரசு மருத்துவமனையோடு ஒப்பிடச் சொல்லி உறவினர்கள் கேட்டார்கள். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, பரிசோதித்தபின் மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பி, மருத்துவமனைகள் ஒதுக்கீட்டுக்குள் பாஸ்புக் காட்டி எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் அதைப் பார்த்துப் படித்தன. அங்கே விலை என்ற கேள்வியே இல்லை, மருந்தாளுநருக்குக் கல்லாவும் இல்லை. ஆனால் காலை நேர வரிசையில் ஒரு சீட்டுக்கு நிமிடம்கூட ஒதுக்க முடியாமல் சன்னலுக்கு உள்ளிருந்து மாத்திரைகளைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன் என்பதால், ஆலோசனையைப் பற்றிப் பெருமை பேச எனக்கு உரிமையில்லை. மாடியில் வந்து கிரியேட்டினின் கணக்குப் போடும் மருந்தாளுநரை அங்கே நான் பார்த்ததும் இல்லை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இருப்பு, குளிர்ப் பாதுகாப்பு, மாடியிலுள்ள மருந்தாளுநர் ஆகியவற்றுக்காக அந்த மூன்று. குறைந்த இரண்டும் உள்நோயாளி முகப்பின் ஆள் பற்றாக்குறைக்கும் விடைபெறும் நாளின் அலட்சியத்துக்கும். கருத்துப் படிவத்தில் இவற்றை விரிவாக எழுதிக் கொடுத்ததற்கு மருந்தக மேலாளர் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். இன்சுலின் குழல்களைச் செறிவு வாரியாகத் தனித்தனிப் பெயரில் கணினியில் ஏற்றிவிட்டதாகவும், அட்டையை வெட்டும்போது தொகுதி எண்ணைப் பையின் மேல் எழுதச் சொல்லியிருப்பதாகவும் கூறினார். சோதனை முடிவுகளைக் கீழ்த்தளத் திரையில் காட்டுவது மென்பொருள்காரர் கையில் இருக்கிறது, இரவுக்கு இரண்டாவது மருந்தாளுநரை நியமிப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது என்றார்.

அங்கே சேரப்போகிறவர்கள் சேர்ந்த அன்றே நாள்வாரி மருந்துப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்து நிறுத்தப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ மீதியை அன்றைக்கே ரிட்டர்ன் போடும்படி செவிலியரிடம் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார்கள். வீட்டுக்குப் போகும் மருந்துகளைக் கீழே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், பையோடு மூன்றாம் மாடிக்குப் போய் அந்த மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மாலை ஐந்து மணிக்குள் போனால் இருப்பார்.